‘பொறுத்தேன்’ என்று முத்துலட்சுமி அக்கா சொன்னது

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் அதுதான் உண்மை. கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த சமாதானக் கூடத்தில் ஒரு விதி உண்டு. மத்தியஸ்தத்தில் மொழிபெயர்க்க உட்காருகிறவர் யாராக இருந்தாலும் பத்து வருடம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். “அடுத்தவன் சண்டையைப் பத்து வருஷம் கேட்டா காது காய்ச்சுப் போகும்” என்பார் எங்கள் தலைவி சிஸ்டர் ரோஸ்லின். என் பத்து வருடம் முடிந்தது. இப்போது வெலிங்டன் தீவில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறேன். அங்கே யாரும் அழுவதில்லை.

போன மாதம் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் போன்.

“சேச்சி, இதுல தமிழ்ல பேசினா அப்படியே மலையாளத்துல வருது. இனிமே மொழிபெயர்க்க ஆள் எதுக்குன்னு சிஸ்டர்கிட்ட கேட்டோம். பேச்சிகிட்ட போய்க் கேளுங்கன்னாங்க” என்றாள் ஒருத்தி.

போனை வாங்கி அதில் மூன்று வாக்கியம் தமிழில் சொன்னேன். அது மலையாளத்தில் திருப்பிச் சொன்னது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறையே அதுவும் செய்தது. இருவருக்கும் தவறு எங்கே என்று தெரியவில்லை. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் பேச்சி. அப்பா மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை தூக்கியவர். அம்மா கிடங்கில் சுக்கு புடைத்தவர். இருவருமே கைநாட்டு. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பேனா பிடித்த கை இந்தக் கை. படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தை ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கிழித்து நானே கற்றுக்கொண்டேன். கல்லூரிக்குப் போனபோது அம்மா தெருவில் எல்லாரிடமும் சொன்னாள். நானும் சொன்னேன், அவளைவிடச் சத்தமாக. இரண்டு மொழி தெரிந்தவர்கள் கொச்சியில் ஆயிரம் பேர் உண்டு. எனக்கு இரண்டும் என் மொழி. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பயிற்சி ஒரு வருடம். கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறை. முதல் ஆறு மாதம் வாயைத் திறக்க அனுமதி இல்லை, கேட்க மட்டும்தான். அதன் பிறகு கற்றுத் தந்தவை கொஞ்சம்தான், ஆனால் கறாரானவை. மொழிபெயர்ப்பவர் இருவருக்கும் நடுவில் உட்காரக் கூடாது, பேசுகிறவரின் இடது தோளுக்குப் பின்னால் உட்கார வேண்டும். “அவர் இப்படிச் சொல்கிறார்” என்று சொல்லக் கூடாது, “நான்” என்றே சொல்ல வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் “சரிதான்” என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சு. ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

கூடம் கன்னியாஸ்திரி மடத்தார் ஆரம்பித்தது. வருகிறவர்கள் எல்லா மதத்தாரும். உட்கார்ந்ததும் சிஸ்டர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “நீங்க யாருக்குப் பயப்படறீங்களோ, அவரை முதல்ல விளிச்சுக்கோங்க.” அவரவர் சத்தமாகவே கூப்பிட வேண்டும். எதிராளி அதைக் கேட்க வேண்டும். மாரியம்மாவைக் கூப்பிடுகிற குரலையும் பிஸ்மி சொல்கிற குரலையும் கேட்ட பிறகு உடனே பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம் என்பது சிஸ்டரின் கணக்கு.

சிஸ்டர் ஆலப்புழைக்காரர். உட்காரும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். இருதரப்பும் பேசி முடியும்வரை சாயா தரமாட்டார். “வாய் நனைஞ்சா வார்த்தை வழுக்கும்” என்பார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழுந்து நாற்காலிகளை வரிசையாக அடுக்க ஆரம்பிப்பார். அந்த நாற்காலிக் கால்கள் தரையில் உரசும் சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் நடுங்குவோம்.

தமிழும் மலையாளமும் ஒன்றை ஒன்று ஏமாற்றும் இடங்களை நான் ஒரு நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டல் முதலாளியம்மா, வேலைக்கு வந்த தமிழ்ப் பையனிடம் “ஒரு அவசரம் கூடி தராம்” என்றார். இன்னொரு வாய்ப்புத் தருகிறேன் என்று அர்த்தம். அவன் காதில் அவசரம் மட்டும் விழுந்தது. ‘சீக்கிரம் கிளம்பு’ என்கிறார் என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பிறகு அது இரண்டு சாதி, இரண்டு கோயில் சண்டையாக வளர்ந்து எங்களிடம் வந்தது. ஒரே உட்காரலில் தீர்த்தேன். பட்டியலில் நாற்பது சொல்லுக்கு மேல் இருந்தன. யாராவது என்னைச் சோதித்தால் மடமடவென்று ஒப்பிப்பேன்.

பொறு என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை.

நடந்தது இது. பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினோரு தமிழ் வீடுகள். வீடுகளின் முதுகை ஒட்டி ஒரு பள்ளிவாசலின் அடக்கத்தல மதில். மதில் சாய்ந்துகொண்டே வந்தது. அந்த வீடுகளில் ஒன்றில் இருந்த முத்துலட்சுமி அக்கா மஹல்லு கமிட்டிச் செயலாளரிடம் மூன்று தடவை போய்ச் சொன்னாள். மஹல்லு என்றால் அந்தப் பள்ளிவாசலுக்கு உட்பட்ட ஜமாஅத். செயலாளர் கபீர் இக்கா கயிற்றுக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். மூன்று தடவையும் “நோக்காம்” என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அப்போது அவருடைய வாப்பா படுக்கையில் கிடந்தார். அந்த ஓட்டத்தில் மதில் அவர் நினைவிலிருந்து போய்விட்டது. வாப்பா இறந்தார். மதிலோரத்தில் அடக்கினார்கள்.

நான்காவது நாள் காலை, கொட்டுகிற மழையில், மதில் விழுந்தது. முத்துலட்சுமி அக்காவின் ஒன்பது வயது மகள் அபிநயா வீட்டுக்குப் பின்னால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கூரையும் சேர்ந்து விழுந்ததால் வீட்டுப் பக்கமாக நெருங்க முடியவில்லை. சந்து ஆட்கள் சுற்றிப்போய் அடக்கத்தலத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கமிருந்து தோண்டினார்கள். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. இருந்தது கபீர் இக்காவின் வாப்பாவை அடக்கிய கபர். கல்லைத் தூக்க முட்டுக் கொடுக்க எதுவும் கிடைக்காமல், கபரின் தலைமாட்டில் நட்டிருந்த மீஸான் கல்லைப் பிடுங்கி வைத்தார்கள். பிள்ளை உயிரோடு வந்தாள். இடது பாதத்தை ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டே நாளில் ஊரில் இரண்டு கதை. ‘வேண்டுமென்றே மதிலைத் தள்ளினார்கள்’ என்று ஒன்று. ‘கபரைத் தோண்டிக் கல்லைப் பிடுங்கினார்கள்’ என்று இன்னொன்று. சந்து முனையில் முன்பின் தெரியாத பையன்கள் பைக்கில் வந்து நின்றார்கள். பள்ளிவாசல் முனையிலும் அப்படியே. முத்துலட்சுமி அக்கா போலீசில் கபீர் இக்காவின் பேரில் புகார் கொடுத்தாள். போலீஸ்காரர் ஒருவர்தான் இரண்டு பேரையும் எங்களிடம் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தோம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் முத்துலட்சுமி அக்கா. மீன் வாங்கவும் பஸ் ஏறவும் அவளுக்கு மலையாளம் போதும். மகளின் காலைப் பற்றிப் பேசப் போதாது. அதனால் அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் நான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் தூங்காமல் இருந்த உடம்பு. கேள்விக்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள்.

கபீர் இக்கா முதலில் பேசினார். வாப்பாவின் கபரைப் பற்றிச் சொன்னார், மதிலைப் பற்றிச் சொன்னார். குரல் உடைந்தது. கடைசியில், “அவங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லட்டும். எது சொன்னாலும் கேட்கறேன்” என்றார்.

முத்துலட்சுமி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் பொறுத்தேன். எங்க ஆளுவ எல்லாரும் பொறுத்தோம். இனி பேசறதுக்கு ஒண்ணும் இல்ல.”

நான் மலையாளத்தில் சொன்னேன்: “ஞான் பொறுத்து. ஞங்ஙளெல்லாவரும் பொறுத்து. இனி ஒந்நும் பறயானில்ல.”

இவ்வளவு சுலபமான வாக்கியம் அன்று முழுக்க எனக்கு வரவில்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே உட்கார்ந்தது.

கபீர் இக்கா விதிப்படி திருப்பிச் சொன்னார். நீங்கள் பொறுத்தீர்கள், உங்கள் ஆட்களும் பொறுத்தார்கள், இனிப் பேச ஒன்றுமில்லை என்று நான் கேட்டேன், சரிதானா? அதை நான் தமிழில் சொன்னேன். “ஆமா. சரிதான்” என்றாள் அவள். கபீர் இக்கா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு நிமிர்ந்து, “வாப்பாவோட காரியம் நானும் பொறுத்து” என்றார். “நானும் பொறுத்தேன்” என்று தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் இறுகியது. ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சிஸ்டர் பைக்குள்ளிருந்து கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். சாயா வந்தது. அக்கா குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “ஒரே உட்காரல்ல முடிச்சிட்டேன்” என்று பெருமையடித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உஸ்தாதின் குரல் கேட்டது. அவர்தான் அங்கே தொழுகை நடத்துகிறவர். மலையாளத்தில் சொன்னார்: காலை இழந்த குழந்தையின் உம்மாவும் அவர் ஆட்களும் நமக்குப் பொறுத்துத் தந்துவிட்டார்கள், இனி இந்த மஹல்லில் யாரும் அவர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசக் கூடாது. நல்ல மனதோடு சொன்னது. சந்தில் எல்லா வீட்டுக்கும் கேட்டது.

முத்துலட்சுமி அக்கா அப்போது மகளுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். சந்துப் பெண்கள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

“என்னளா, மன்னிச்சிட்டியாமே? யார்கிட்ட கேட்டு எங்களையும் சேத்து மன்னிச்ச?”

“பிள்ளைக்குக் கால் மொளைச்சிருச்சோ?”

அரை மணி நேரத்தில் அவள் எங்கள் கூடத்தில் நின்றாள். கையில் துணிப்பை. பின்னால், தெருவில், சந்து ஆட்கள் பதினைந்து பேர். அவர்களோடு எனக்குத் தெரியாத நான்கு பைக்குகள்.

“ஏட்டி பேச்சி, அந்தாளுகிட்ட என்னத்தச் சொல்லித் தொலைச்ச?”

“நீங்க சொன்னதத்தான் அக்கா சொன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“பொறுத்தேன்னு.”

“ஆமா, பொறுத்தேன். செவுரு சாயுது சாயுதுன்னு மூணு தடவ அந்த மனுசன் கடை வாசல்ல போயி நின்னு பொறுத்தேன். புள்ள காலு போன பெறகும் ஒரு கல்லத் தூக்கி எறியாம பொறுத்தேன். இனி பேச ஒண்ணும் இல்ல, கோர்ட்டுல பாத்துக்கிடலாம்னேன். அது மன்னிப்பாட்டி?”

செவ்வாய்க்கிழமைக் குறிப்பு நோட்டைத் திறந்தேன். இரண்டு வரிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக என் கையெழுத்தில் இருந்தன. தமிழில் பொறுத்தேன் என்றால் தாங்கினேன், வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மலையாளத்தில் பொறுத்து என்றால் மன்னித்துவிட்டேன். புண் ஆறிவிட்டால்கூட அந்த மொழியில் ‘பொறுத்து’ என்றுதான் சொல்வார்கள். சோதிப்பதற்கென்று வைத்த விதியும் எங்களைக் காப்பாற்றவில்லை. அவர் அதே சொல்லைத் திருப்பித் தந்தார், நான் அதே சொல்லை அவளிடம் கொடுத்தேன், அவள் ஆமாம் என்றாள். ஒரு சொல் மூன்று தடவை இருவருக்கும் நடுவே போய்வந்தது. ஒவ்வொருவர் காதிலும் அவரவர் மொழியில் விழுந்தது. அவர் “நானும் பொறுத்து” என்று சொன்னபோது, இவருக்கு என்ன இருந்தது பொறுக்க என்று அவள் முகம் இறுகியிருக்கிறது.

அதைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பேர்லயே பேச்சு இருக்கு. பேசத்தான் தெரியல.”

அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட படிப்பு அந்த இடத்தில் என் காலடியில் கிடந்தது.

சிஸ்டர் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். நாற்காலிகளை அடுக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“இப்போ திருத்தண்டா, பேச்சி, வேண்டாம். அங்கே அறுநூறு பேர் நல்ல வார்த்தை கேட்டு அடங்கி இருக்காங்க. போய் இல்லைன்னு சொன்னா, வாக்கு மாறிட்டாள்னு தீ வைப்பாங்க. ரெண்டு நாள் மதி, அது போதும். சூடு ஆறட்டும். அவளும் ஒருநாள் பொறுப்பாள். சொல் முன்னாடி போச்சு, மனசு பின்னாடி வரும்.”

“அதுவரைக்கும் அவங்க ஆட்கள் முன்னாடி அவங்க துரோகி, சிஸ்டர். நாளைக்கு இல்லைன்னு வாயைத் திறந்தா அந்தப் பக்கத்துக்குப் பொய்க்காரி. ரெண்டு பக்கமும் அவங்கதான் பொய். பொய் சொன்னது நான்.”

“நீ போய்ச் சொன்னா இனி மட்டாஞ்சேரியில ஒருத்தரும் நம்மளை விளிக்க மாட்டாங்க. பன்னிரண்டு வருஷ வேலை.”

அவர் சொன்னது தவறில்லை. பயந்து சொன்னதும் இல்லை. தெருவில் நிற்கும் பைக்குகளை அவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. என் தவறு யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்ற எண்ணம் ஒரு நொடி இனித்தது. அதற்குப் பயந்துதான் உடனே செருப்பை மாட்டினேன். இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போயிருக்க மாட்டேன்.

வாசலில் அக்காவிடம், “நான் போய்ச் சொல்லிட்டு வர்றவரைக்கும் இவங்களை இங்கயே நிறுத்துங்க” என்றேன். அவள் படியில் உட்கார்ந்தாள். அவளைத் தாண்டி யாரும் போகவில்லை. நான் தெருவில் இறங்கினேன். பின்னால் சிஸ்டரின் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நடந்து வந்தார்.

பள்ளிவாசல் முனையில் நின்ற பையன்கள் வழிவிட்டார்கள். ஒருவன், “எந்தா சிஸ்டரே, மதம் மாற்றானா?” என்றான், மதம் மாற்ற வந்தீர்களா என்று. “இல்ல மோனே, மன்னிப்புக் கேட்க” என்றார் சிஸ்டர்.

மதரசா வராந்தாவில் உட்கார வைத்தார்கள். உஸ்தாது பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வந்தார். கபீர் இக்காவும் வந்தார். முகம் மூன்று நாளில் பாதி தெளிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

“இக்கா, அக்கா மன்னிக்கலை. தாங்கிக்கிட்டேன்னுதான் சொன்னாங்க. மன்னிச்சேன்னு சொன்னது நான். தப்பு என்னோடது. அவங்க வாக்கு மாறலை.”

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். “அப்போ ஞான் கரஞ்ஞது வெறுதேயோ?” நான் அழுதது வீணா என்று கேட்டார். அப்புறம் குரல் ஏறியது. “நம்ம பையன்களைப் பிடிச்சு நிறுத்தினேனே, அவங்க விட்டுட்டாங்க, நாமும் விடுவோம்னு! வாப்பாவோட கபர்ல மிதிச்சதை நான் விட்டுக் கொடுத்தேனே! இப்போ போய் என்ன சொல்லட்டும்? ஒரு பெண்ணுக்கு மொழி தெரியலைன்னா?”

வராந்தாத் தூணுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். சிஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். நான் அதைப் பார்த்தேன். இது அரை மணியில் முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

உஸ்தாது கேட்டார்: “கபீரே, நீ வாப்பாவின் காரியத்தைப் பொறுத்தது, அந்த உம்மா பொறுத்ததுக்குப் பதிலாகவா? படைச்சவனுக்காகவா?”

கபீர் இக்கா திரும்பவும் உட்கார்ந்தார். மழை மறுபடி பிடித்தது. “குடுத்தது குடுத்ததுதான். திருப்பி எடுக்கலை” என்றார்.

“அப்படின்னா பாக்கி நம்மோடது மட்டும்” என்றார் உஸ்தாது. “மனுஷனுக்குச் செய்த பிழையை அந்த மனுஷன் விடாமல் படைச்சவனும் விடமாட்டான்னு வருஷா வருஷம் மிம்பர்ல நின்னு சொல்றேன். இன்னைக்கு அவரைக் கேட்காமலே நான் விடுதலை வாங்கிட்டேன். சொன்ன வாயாலேயே மாத்திச் சொல்லணும்.”

“என் பேரைச் சொல்லுங்க உஸ்தாதே. என் தப்புன்னு சொல்லுங்க” என்றேன்.

“ஒரு பெண்பிள்ளையின் பேரைக் குற்றத்தோட சேர்த்து நான் மைக்குல சொல்லமாட்டேன். அதை நீயே உன் ஆட்கள்கிட்ட சொல்லிக்கோ.”

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கி மறுபடி பேசியது. மதியம் சொன்னது பிழை, விசாரிக்காமல் சொன்னது என் பிழை. அந்த உம்மா பொறுத்துத் தரவில்லை. தராமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அவர் தருகிறவரை அது நம் தலைமேல் இருக்கும். இவ்வளவுதான் சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பையன் கோபமாகச் செருப்பை உதறிக்கொண்டு வெளியே போனான். ஆனால் எதிராக ஒரு சொல் வரவில்லை. கபீர் இக்கா எல்லாருக்கும் முன்னால் தலை குனிந்து நின்றிருந்தார். அவரே நிற்கும்போது அவருக்காகக் கோபப்பட யாரால் முடியும்?

பிறகு உஸ்தாதும் கபீர் இக்காவும் சந்துக்கு வந்தார்கள். இரண்டு பேர் மட்டும். நான் முன்னால் போய், என்ன நடந்தது, யார் தவறு என்று எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன். காறித் துப்பினார் ஒரு பெரியவர். முத்துலட்சுமி அக்கா இடிந்த வீட்டின் முன்னால் நின்றாள்.

கபீர் இக்கா இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, “பொருத்தப்பட்டு தரணம்” என்றார். இங்கே முஸ்லிம்கள் மன்னிப்புக் கேட்கும் முறை அது.

“பொருத்தமா? யாருக்கு யாரு?” என்றாள் அக்கா, முகம் சுருங்க.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: “மாப்பிள வீட்டுக்காரவ வந்திருக்காவளா, தாம்பாளத்த எடு!”

யாரோ சிரித்தார்கள். பிறகு நாலைந்து பேர். கபீர் இக்கா புரியாமல் விழித்தார். நான் விளக்க வாயைத் திறந்தேன்.

“நீ சும்மா இரு” என்றாள் அக்கா. அவர் பக்கம் திரும்பினாள். “இக்கா, ஞான் பறயாம்.” நானே சொல்கிறேன் என்று, மீன் சந்தையில் கற்ற மலையாளத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். “என்றெ மோள்க்கு ஒரு கால் இல்ல. நிங்ஙள் மூணு தடவ நோக்காம் பறஞ்ஞு. நோக்கியில்ல.”

“இல்ல” என்றார் கபீர் இக்கா. “மூணு தடவ பறஞ்ஞு. நோக்கியில்ல.”

அவள் தலையசைத்தாள். சரிதான் என்று. எங்கள் கூடத்தில் ஒரு வருடம் பயிற்சி எடுத்துச் செய்கிற வேலையை அந்த இருவரும் மழையில் நின்று செய்துகொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன்.

“உங்க வாப்பா கல்லுதான் எம் புள்ளைய மேல தூக்குச்சு. அதப் பிடுங்கினது தப்பு. அதுக்கு நான் கேக்கேன் மன்னிப்பு. எங்க ஆளுவ வந்து திரும்ப நட்டுத் தருவாவ.” இது தமிழ். அவருக்குப் புரிந்தது. ஏனென்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை சொன்ன வார்த்தை…” என்று அவர் ஆரம்பித்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “இதை மட்டும் அவருக்கு மலையாளத்துல சொல்லு. பிசகாமச் சொல்லு. அன்னைக்குச் சொன்னது தமிழ். மலையாளத்துல சொல்லுத நாள் வந்தா நானே வந்து சொல்லுதேன். நடுவுல இவ வேண்டாம்.”

பிசகாமல் சொன்னேன். கடைசி வாக்கியத்தையும் விடாமல்.

மறுநாள் ஆட்கள் போய், உஸ்தாது காட்டித் தந்தபடி மண் அணைத்துக் கல்லை நட்டார்கள். கபீர் இக்கா போலீசிலும் பிறகு கோர்ட்டிலும், மூன்று தடவை சொன்னார்கள், நான் பார்க்கவில்லை என்றே சொன்னார். வக்கீல் வேண்டாமென்று தடுத்தும் கேட்கவில்லை. பைக்குகள் ஒரு வாரம் சுற்றிவிட்டு வேறு ஊர் பார்த்துப் போயின. சிஸ்டர் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திங்கட்கிழமை நான் வந்தபோது நாற்காலிகள் எல்லாம் அடுக்கியிருந்தன. சுவரில் விதிகளின் கீழே அவர் கையால் புது வரி ஒன்று: கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லக் கூடாது, கேட்டதை வேறு சொல்லில் சொல்ல வேண்டும்.

போனோடு வந்த பெண்களுக்கு அந்த வரியைத்தான் சொன்னேன். போன் தவறு செய்யும், நீங்களும் செய்வீர்கள். யார் எழுந்துபோய் அந்தத் தவறைச் சொல்வது என்பதுதான் கேள்வி. போனுக்குச் செருப்பு மாட்டத் தெரியாது.

“சரி சேச்சி, அவங்க கடைசியில மலையாளத்துல சொன்னாங்களா?” என்று கேட்டார்கள்.

எனக்கும் அது தெரியாமல் தாங்கவில்லை. வேலையை விட்ட வாரத்தில் கயிற்றுக் கடைக்குப் போய் நேராகவே கேட்டேன். கபீர் இக்கா தராசிலிருந்து கயிற்றுச் சுருளை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அது ஞங்ஙள்க்கிடையிலுள்ள காரியமாணு, மோளே. அதில மூணாமதொரு ஆள் வேண்டா.”